பதினான்காம் கேள்விக்குப் பதில்

பிஷ்கெக்கிலிருந்து வந்த படிவத்தில்
பதினாலாவது கேள்விக்கு
இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள்:
"திட்டம் முடிந்தபின் இது எப்படித் தொடரும்?"
பின்பக்கம் காலியாக இருந்தது.
அதில் எழுதுகிறேன்.

பெயர் சாய்கல்.
பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன்.
செவ்வாய், வெள்ளி இரவுகளில் குழாய்க் காவல்.

மேலே ஊற்று, கீழே நாங்கள்.
நடுவே இடுப்பளவு ஆழத்தில்
மூவாயிரம் அடி கறுப்புக் குழாய்.
இறங்கிவந்த வேகத்திலேயே
கம்பத்தின் உச்சிக்கு ஏறித்
தும்முகிறது தண்ணீர்.
தரையைத் தொடுவதற்குள் பாதி கல்லாகிவிடும்.
டிசம்பரில் ஆள் உயரம்
ஜனவரியில் கூரை உயரம்
பிப்ரவரியில் அண்ணாந்தால்
தொப்பி பின்னால் விழும்.

முன்பு மலை தானே செய்துவந்த வேலை இது.
இப்போது பனியாறு
கடன் கொடுத்தவனைக் கண்டதுபோல
ஆண்டுக்கு ஆண்டு இன்னும் கொஞ்சம்
மேலே ஒதுங்கிக்கொள்கிறது.

பயனாளிகள் எத்தனை என்று கேட்டிருந்தீர்கள்.
நூற்றுப் பன்னிரண்டு வீடு என்று நிரப்பினார் ஒமுர்சாக்.
ஆடுகளை நீங்கள் கேட்கவில்லை.
நாலாயிரத்துச் சொச்சம்.

ஒன்பதாவது கட்டத்தில்
"இடர்ப்பாடு: வானிலை" என்றிருக்கிறது.
அதை அடித்துவிடுங்கள்.
வானிலை அல்ல.
தூங்கியது நான்.

அன்று குளிர் இருபத்தாறு.
காலையில் வேன் சேற்றில் சிக்கி
மதியம்வரை தள்ளியிருந்தோம்.
அடுப்போரம் கண் சொருகியது,
அவ்வளவுதான்.
விழித்தபோது கம்பம் ஊமையாக நின்றது.
காதை வைத்துக் கேட்டேன்.
குழாய்க்குள் ஏதோ பல் கடித்தது.
பதினோரு இடத்தில் வெடிப்பு.

வீட்டுக்கொரு கெட்டிலாக வந்தார்கள்.
உறைந்த மண்ணைக் கடப்பாரையால் கிண்டி
வெந்நீர் ஊற்றி, அடி அடியாக,
திட்டியபடியே.
இரண்டாம் நாள்
மேய்ச்சல் எல்லைக்காக ஆறு வருடமாய்
எங்களோடு முகம்கொடுத்துப் பேசாத
கீழூரிலிருந்தும் இரண்டு பேர்
தீச்சுடர் விளக்கோடு வந்தார்கள்.
அப்போதும் பேசவில்லை.
வேலை மட்டும் செய்தார்கள்.

அதன்பிறகு ஒரு விதி போட்டோம்:
காவலுக்கு இரண்டிரண்டு பேர்,
தூங்கினால் ஒரு ஆடு அபராதம்.
முதல் ஆடு என்னுடையது.
வெட்டி, வேலை செய்தவர்களுக்கே சமைத்தார்கள்.
கேட்காமலே
எனக்கும் ஒரு துண்டு தட்டில் விழுந்தது.
கொழுப்புள்ள துண்டு.

இந்த வருடம் கோபுரம் ஜூன் பத்துவரை சொட்டியது.
குட்டி போட்ட ஆடுகள்
தண்ணீர் தேடி உச்சி மேய்ச்சலுக்கு
முன்கூட்டியே ஓட வேண்டியிருக்கவில்லை.
மேலே புல்லுக்கு மூன்று வாரம் ஓய்வு.
வேர் பிடிக்க, பூத்து விதை உதிர்க்க
அதற்கு வேண்டியது அந்த மூன்று வாரம்தான்.
உங்கள் படிவத்தில்
புல்லின் ஓய்வை எழுதக் கட்டம் இல்லை.

சரி, எப்படித் தொடரும்?
தெரியாது.
ஊற்று வற்றினால் இது வெறும் கம்பம்.
போன வருடம் டிசம்பர் இருபதுவரை மழை.
தேதி மாறிய கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல
குழாயைச் சுற்றி நின்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
குளிரை வாங்கித் தர யாராலும் ஆகாது,
உங்களாலும்.

ஆனால் உதிரி இணைப்பு வளையங்கள்
என் வேனின் பின் இருக்கைக்கடியில் இருக்கின்றன.
வீட்டுக்கு இவ்வளவு என்று
கம்பளி விற்ற காசில் வாங்கினோம்.
ரசீது கேட்பீர்கள்;
பாதிக்கு மட்டும் உண்டு.

இடம் முடிகிறது.
இன்று வெள்ளி.
இந்த மாதம் முதல் கீழூருக்கும் காவலில் பங்கு.
பதிலுக்கு மே மாதத்தில் இரண்டு நாள் தண்ணீர்.
என்னோடு இன்றிரவு அங்கிருந்து ஒருத்தி,
துர்சுனாய் என்று நோட்டில் இருக்கிறது.
குறட்டை விடுவாளா, கதை சொல்வாளா,
ஒன்றும் தெரியாது.

தேநீர் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன்.
அடுத்த படிவத்தில்
தூக்கத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள்.