நிழல் வரை

பக்கத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய்.
உடைந்த கையெழுத்தென்றால் மேலும் நூறு.
அனந்தநாக் கோர்ட்டில் என் கூலி அதுதான்.
பெயர் தாபிந்தா வாகே.
செத்துப்போன குமாஸ்தாக்களின் பாரசீகத்தை
வக்கீல்களுக்குப் புரியும் உருதுவில்
இறக்கி வைக்கிறேன்.

இன்று வந்தது ஒரு தோட்டம்.
நாற்பத்தொரு அக்ரூட் மரம், ஒரு வாய்க்கால்.
பர்ரே வீட்டார் ஒரு பெஞ்சில்,
மக்ரே வீட்டார் எதிர்ப் பெஞ்சில்,
நடுவே, எண்ணெய்த் துணியில் சுற்றிய
பிக்ரமி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு.

பிரித்தேன்.
காகிதம் வெங்காயத் தோல்போல் இன்னும் பளபளத்தது.
எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து,
புள்ளிகளையெல்லாம் வழியில் உதிர்த்துவிட்டு,
அவசரமாகப் போய்க்கொண்டிருந்தன,
பனி தொடங்குமுன் வீடு சேரவேண்டியவர்கள்போல்.

வடக்கே வாய்க்கால். சரி.
கிழக்கே சர்க்கார் பாதை. சரி.
தெற்கே தர்காவின் நிலம். அதுவும் சரி.
மேற்கே,
"ஹம்ஸாயாவின் சுவர் தொட்டு
ஹபீப் மக்ரேயின் ஸாயா வரை."

பேனாவை மூடினேன்.

ஸாயா என்றால் நிழல்.
ஹபீபுக்கு அங்கே ஒரு மரம் இருந்திருந்தால்
அதன் நிழல் விழும் இடம் வரை பர்ரே நிலம்.
ஸாயா என்றால் அரவணைப்பும்தான்,
பெரிய மனிதர் ஒருவரின் கைக்கு அடியில் இருப்பது.
அப்படியென்றால் பர்ரே வெறும் குத்தகைக்காரர்,
தோட்டம் முழுக்க மக்ரேயுடையது.
ஹம்ஸாயா, பக்கத்து வீட்டார். ஒரே நிழலில் இருப்பவர்.
ஹம்ஸாயா வீட்டில் உப்பு வாங்கி வா என்று
தினமும் பிள்ளைகளை அனுப்புகிறோம்,
சொல்லுக்குள் நிழல் இருப்பது
யாருக்கும் உறைப்பதில்லை.

எழுதியவர் முன்ஷி சஹஜ் ராம்.
விளிம்பில், பொடி எழுத்தில்,
வழக்குக்குச் சம்பந்தமே இல்லாமல் இரண்டு அடி:
"மை உறைந்தது, காங்கிரிமேல் பிடித்து உருக்கினேன்.
எழுதும் கை நடுங்கினால் எல்லையும் நடுங்கும்."
சந்தம் தப்பவில்லை. கடைசியில் இயைபும் உண்டு.

பண்டிதர். நெற்றியில் குங்குமப்பூக் குழம்பு இருந்திருக்கும்.
ஷீராஸை விடுங்கள், பானிஹால் கணவாயையே
தாண்டியிருக்க மாட்டார்.
பகலெல்லாம் நிலவரி, கந்தாயம், பாக்கி.
அந்த மனிதரால்
ஒரு சிலேடையை மட்டும் தாண்டிப் போக முடியவில்லை.
ஹம்ஸாயா, ஸாயா.
எழுதிவிட்டுத் தனக்குள் சிரித்திருப்பார்.
பிறகு மணல் தூவி, முத்திரை குத்தி,
நூற்று நாற்பத்தைந்து வருடச் சண்டையைச்
சுருட்டிக் கையில் கொடுத்திருப்பார்.

"நிழலா, அரவணைப்பா?" நீதிபதி கேட்டார்.
"ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்."
ஹாஜ்ரா பர்ரே என் வாயையே பார்த்தாள்.
முஸாதிக் மக்ரே ஃபிரனுக்குள்
காங்கிரியை இடப்பக்கம் மாற்றிக்கொண்டார்.

உருதுவில் எழுதினேன்: ஸாயா.
அதே சொல். ஒரு புள்ளி கூட்டவில்லை.
அவர் உரக்கப் படித்தார்.
நிழல், என்று பர்ரே பெஞ்ச் தலையாட்டியது.
தயவு, என்று மக்ரே பெஞ்ச் தலையாட்டியது.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"முன்ஷிக்கு சம்மன் அனுப்ப முடியாது, இல்லையா?"
வாய்தா ஏப்ரல் ஒன்பது.
அதற்குள் அமீனா போய்,
மேற்கெல்லையில் பழைய மரமோ அடிக்கட்டையோ
உண்டா என்று பார்த்து வரவேண்டும்.

பில் போட்டேன்.
ஒரு பக்கம், உடைந்த கையெழுத்து: முன்னூற்றைம்பது.
விளிம்பிலிருந்த இரண்டு அடிக்குக் காசில்லை,
அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில், விறைத்த விரல்களை
ஊதிச் சூடாக்கிக்கொண்டு
அதைச் சொல்லிப் பார்த்தேன், பாரசீகத்திலேயே,
மூன்று முறை.
பக்கத்து ஸீட்காரர் திரும்பினார்.
"துவாவா?"
"இல்லை," என்றேன், "நில வழக்கு."