சிவப்பு நூல்

ஜூன் மழையில் பூத்து நின்றபோது
பிராட்ரிக் துரை விரல் நீட்டிய செடிகளுக்கெல்லாம்
சிவப்பு நூல் கட்டினேன். நாற்பத்தொன்று.
பூ எதற்கு, விதைதான் வேண்டும் என்றார்.
விதைக்கு நவம்பர் ஆகும்.

நவம்பரில் அவர் லிஜியாங்கில் காய்ச்சலோடு படுத்துவிட்டார்.
நானும் மைத்துனன் ஹோ ஜிகுவும்
இடுப்பளவு பனியில் நூல் தேடினோம்.
பனிக்குள் எல்லாச் செடியும் ஒரே செடி.
பத்தொன்பது கிடைத்தது.
மிச்சத்தை யாக் மேய்ந்திருக்க வேண்டும்:
சாணத்தில் ஒரு சிவப்பு இழை கண்டு
ஜிகு விழுந்து விழுந்து சிரித்தான்.
மேலே பனி சரியுமென்று
அவன் வாயைப் பொத்தினேன்.

உறைக்கு இரண்டு வெள்ளி என்று பேச்சு.
இருபத்திரண்டு உறை வெறுமையாய்க் கிடந்தன.
எங்கள் கொல்லை வேலியில்
ஆடுகூட முகர்ந்துவிட்டு ஒதுங்கும் புதர் ஒன்று
காய் வெடித்து நின்றது.
விதை, மூக்குப்பொடி மாதிரி.
யாருக்குத் தெரியப்போகிறது?

எட்டு வருடம் கழித்து
பாதிரியார் ஒரு படம் கொண்டுவந்தார்.
கண்ணாடி வீடு, தொப்பி வைத்த சீமாட்டிகள்,
நடுவே எங்கள் வேலி.
தங்கப் பதக்கமாம். துரையின் பெயரையே
அதற்கு வைத்துவிட்டார்களாம்.

நீங்கள் இதை என்னவென்று சொல்வீர்கள்
என்று பென்சிலை எடுத்தார்.
நான் ஜிகுவைப் பார்த்தேன்.
பாதிரியாரிடம் சொல்லக்கூடிய பெயரல்ல அது.