சுவரின் வாய்

ஜொயின்விலியில் மழை விடும் என்கிறார்கள்.
நான் வந்து மூன்று வருடம், பார்த்ததில்லை.

ஆறு வாரமாய் இரவு இரண்டு மணிக்கு
காலணியைக் கழற்றி வைத்துவிட்டு
அறைக்குள் அறையாய்க் கட்டிய
இந்தப் பெட்டிக்குள் நுழைகிறேன்.
கால் பட்டால் கம்பிவலைத் தரை தளும்பும்.
ஆறு பக்கமும் கண்ணாடிப் பஞ்சு முனைகள்,
பலாத்தோலைப் புரட்டி
முள்ளெல்லாம் உள்ளே வைத்தாற்போல.
டார்ஸி இருமினால் பாதி இருமல்தான் வந்து சேரும்.
மீதியைப் பஞ்சு தின்றுவிடும்.

நடுவில் ஒரு கம்ப்ரெஸர்.
நாளை யார் வீட்டுக் குளிர்பெட்டியிலோ
பால் கெடாமல் பார்த்துக்கொள்ளப் போவது.
இப்போது அணைத்துத்தான் வைத்திருக்கிறது.
அணைத்ததற்கு ஏது சத்தம்?
ஆனால் திரையில், அறுபத்து மூன்று ஹெர்ட்ஸில்,
ஒரு மேடு
படுத்திருக்கும் பன்றியின் முதுகு மாதிரி.

முதலில் மழையைத் திட்டினோம்.
கூரைமேல் கூரை போட்டோம்,
நனைந்தது பணம்தான்.
காற்றுக்குழாயை இரண்டு இடத்தில் வளைத்தோம்.
தரையைத் தாங்கும் ஸ்பிரிங் பதினாறையும் மாற்றினோம்.
மைக்ரோஃபோன்மேல் சந்தேகப்பட்டு
சாவ் பாவ்லோவுக்குப் பரிசோதனைக்கு அனுப்பினோம்.
நலம் என்று சான்றிதழோடு திரும்பி வந்தது.
மேடு அசையவில்லை.
கனமழை இரவில் கொஞ்சம் உப்பிக்கொண்டது, அவ்வளவே.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
எங்கள் சுவருக்கு வாயும் இருந்தது.

பராமரிப்புப் பிரிவு ஸீல்டா
ரப்பர் சுத்தியலோடு வெளிச்சுவரைத்
தட்டிக்கொண்டே போனாள்.
உள்ளே நான், உட்சுவரில் ஒட்டிய அதிர்வுமானியோடு.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
நான்காவது மீட்டரில்
வரைகோடு துள்ளியது.

துளையிட்டுக் கேமராவை விட்டோம்.
இரண்டு சுவருக்கும் நடுவே
பத்து சென்டிமீட்டர் வெறுமை.
அதில், கட்டும்போது கரண்டியிலிருந்து விழுந்து
அப்படியே இறுகிப்போன சிமென்ட் கட்டி,
கை முஷ்டி அளவு.
இந்தச் சுவரில் ஒரு கால், அந்தச் சுவரில் ஒரு கால்.
கூரையில் விழுந்த மழையெல்லாம்
அந்தப் பாலத்தில் நடந்துதான் உள்ளே வந்திருக்கிறது.

ஸீல்டா கோப்பைப் புரட்டினாள்.
‘இடைவெளி சுத்தம், மூடலாம்.’
வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை.
கையெழுத்து என்னுடையது.
அவள் எதுவும் சொல்லவில்லை.
சொல்லத் தெரியாதவள் அல்ல.

நீள உளியால் மூன்று மணிநேரம்.
பன்றி எழுந்து போய்விட்டது.
கம்ப்ரெஸரை ஓடவிட்டோம்:
அந்தப் பட்டையில் நான்கு டெசிபல் குறைவு.
அதே கம்ப்ரெஸர். அதே எண்ணெய்.
ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

வடிவமைப்புப் பிரிவு ஒட்டாசீலியோவை
மூன்று மாதமாய் வறுத்தெடுத்திருக்கிறோம்.
உன் இயந்திரம் முனகுகிறது, போய்ச் சரிசெய் என்று.
அவரும் சரிசெய்துகொண்டே இருந்தார்
எந்தக் குறையும் இல்லாத ஒன்றை,
ஞாயிற்றுக்கிழமைகளிலும்.

அவருக்குக் கடிதம் எழுத வேண்டும்.
தாளை எடுத்து மேசையில் வைத்தாயிற்று.
ஜன்னல் திறந்திருக்கிறது, சாரல் அடிக்கிறது.
தாள் பறக்காமலிருக்க
அந்தச் சிமென்ட் கட்டியை
அதன்மேல் வைத்திருக்கிறேன்.