தன்மேற்கோள் நீங்கலாக

கொச்சபம்பா மருத்துவப் புலத்தின் நூலகத்தில்
என் வேலை எண்ணுவது:
யார் எத்தனை எழுதினார்,
எழுதியதை எத்தனை பேர் எடுத்தாண்டார்.
பதவி உயர்வுக் குழு கூடும் மாதம்
பேராசிரியர்கள் என் கதவருகே நின்று
காய்ச்சல்காரர்களைப் போலத் தம் எண்ணைக் கேட்பார்கள்.
வெப்பமானி நான்.

நியேவெஸ் சோக்கே ஒருநாளும் வந்ததில்லை.
அவர் கோப்பை இந்த ஆண்டு நானாகத் திறந்தேன்.
கட்டுரைகள் முப்பத்தெட்டு.
எச்-குறியீடு ஒன்பது.
மேற்கோள்கள் ஐந்நூற்று இரண்டு,
அவற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டு
ஒரே கட்டுரைக்கு.

பதினொரு பக்கம். வயது இருபத்தேழு.
வின்சூகாப் பூச்சி கடித்த தாய்மார்,
அவர்கள் பெற்ற குழந்தைகள் இருநூற்று மூன்று.
தொப்புள்கொடி இரத்தம் ஒரு துளி, நுண்ணோக்கி,
ஒட்டுண்ணி கண்ணில் படாவிட்டால்
நோய் இல்லை.
வீட்டுக்குப் போகலாம்.

'முந்நூற்றுப் பன்னிரண்டா!' என்றார் குழுத் தலைவர்.
'நம் புலத்தில் இவ்வளவு யாருக்கு உண்டு?'

எண்ணுகிறவன் வாசிக்க வேண்டும் என்று
விதி ஒன்றும் இல்லை.
ஆனால் அன்று சாலை மறியல்,
கியாகோயோவில் டயர்கள் எரிந்தன,
வீடு திரும்ப வழியில்லை.
இரவு முழுக்க வாசித்தேன்.

'சோக்கே கூறுவதற்கு மாறாக' என்றது முதலாவது.
'சோக்கே குழுவினர் தவறவிட்ட' என்றது அடுத்தது.
ரோசாரியோவிலிருந்து, ஜெனீவாவிலிருந்து,
இதே ஊரில் எதிர்த் தெருவிலிருந்து,
மரியாதை குறையாமல் நீண்ட விரல்கள்.
பத்தாம் மாதம் மறுபடி
இரத்தம் எடுத்திருக்க வேண்டும்.
எடுக்கவில்லை.
பாராட்டியவை பதினான்கு. அவற்றில் ஆறு
பக்க எண்ணையே தப்பாகப் போட்டிருந்தன,
திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆம் என்றாலும் ஒன்று.
அன்று என்றாலும் ஒன்று.
எண்ணுக்கு முகம் சுளிக்கத் தெரியாது.
இருபது ஆண்டாக வசவையும்
வரவில் வைத்து எழுதியிருக்கிறேன்.

காலையில் அவர் ஆய்வகத்துக்குப் போனேன்.
சால்ட்டேன்யாவின் ஓரத்தைக் கடித்து
ஒரு சொட்டும் சிந்தாமல் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தார்.
'எல்லாம் படித்திருக்கிறேன்,' என்றார்.
'சிலர் நன்றாகவே எழுதுகிறார்கள்.'

இழுப்பறையில் ஒரு பட்டியல், ஓரம் பழுப்பேறியது.
நோயில்லை என்று அவர் அனுப்பிவைத்தவர்கள்
நூற்றுத் தொண்ணூற்றொருவர்.
தேடிப் பிடித்தது நூற்று நாற்பத்தாறு பேரை.
அந்த நூற்று நாற்பத்தாறில் ஒன்பது பெயர்களுக்கு அடியில்
பென்சில் கோடு.

நாற்பத்தேழாம் எண்: வில்மர் கிஸ்பே,
மினிபஸ் ஓட்டினான்,
இருபத்தெட்டு வயதில் வீங்கிய இதயம்,
தோலுக்கடியில் இதயமுடுக்கி.
உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

'போய்ச் சொன்னீர்களா?'
'சொன்னேன்.'
'என்ன சொன்னான்?'
'அந்தக் கருவியின் பேட்டரி தீர்ந்தால்
காசு யார் கொடுப்பது என்று கேட்டான்.'
விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்,
நான்கு பக்கம், உள்ளூர் இதழில்.
ஒன்பது பேர், பெயரில்லாமல்.
பிழை செய்தவர் மட்டும் பெயரோடு.
அடிக்குறிப்பில் அந்தப் பழைய கட்டுரை.

மாடியேறி வந்து பதிவு செய்தேன்.
முந்நூற்றுப் பதின்மூன்று என்று காட்டி,
கண் சிமிட்டுவதற்குள் திருத்திக்கொண்டது திரை:
முந்நூற்றுப் பன்னிரண்டு,
தன்மேற்கோள் நீங்கலாக.

தாக்கம் என்ற கட்டத்தில்
அதைத்தான் எழுதினேன். வேறென்ன எழுத?
குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டது.
விண்ணப்பிக்கவே இல்லையே என்றார் அவர்,
பிறகு, 'உங்களுக்கு எண்ணத் தெரியும் அல்லவா,'
என்று பட்டியலின் கடைசித் தாளை நீட்டினார்.

மீதி நாற்பத்தைந்து.
பாதிப் பேர் புவெனஸ் ஐரெஸின் தையல் கூடங்களில்.
சிலர் பெர்காமோவில், முதியவர்களைக் குளிப்பாட்டுகிறார்கள்.
இங்கே நண்பகல், அங்கே விளக்கேற்றும் நேரம்.
தொலைபேசி ஒலிக்கிறது.
என்னை யாரென்று சொல்வது என்று
இன்னும் யோசித்து முடிக்கவில்லை.