விரல்விட்டு எண்ணும் கட்சி

தெல்மா,
மாநாட்டுக்கு வரமாட்டேன் என்ற உன் ஒருவரிக்
கடிதத்துக்கு இவ்வளவு நீளப் பதில். மன்னித்துவிடு.
கிளைச் செயலாளருக்கு வேறென்ன வேலை.

நீ சொல்வதெல்லாம் சரிதான்.
அங்கே எதுவும் முடிவாவதில்லை,
முடிவாக வேண்டியது முந்தின வியாழனே
லண்டனில் ஓர் அறையில் தேநீரோடு முடிந்திருக்கும்.
தலைவர் பேச்சு தொலைக்காட்சியில் இன்னும் தெளிவு,
சலித்தால் ஒலியைக் குறைக்கலாம்.
ஹெக்ஸமிலிருந்து ஸ்கார்பரோவுக்கு
இரண்டு முறை ரயில் மாற வேண்டும்.
விடுதிக்காரர் அக்டோபரிலும் ஆகஸ்ட் விலை சொல்வார்.
கட்டில் குட்டை. நான் நெட்டை.

போன வருடம் நான் சுமந்துபோன தீர்மானம்
உனக்குத் தெரியும்: பத்தரை மணிப் பேருந்து.
மருத்துவமனையைக் கழுவித் துடைத்துவிட்டு
பெண்கள் வீடு திரும்ப இருந்த ஒரே வண்டி.
அதைப் பதினான்கு ஊர்த் தீர்மானங்களோடு
ஒரே பாத்திரத்தில் போட்டு
இரவு பதினொன்றுவரை பிசைந்தார்கள்.
காலையில் அச்சாகி வந்ததில்
பேருந்து இருந்தது. மணி இல்லை. ஹெக்ஸம் இல்லை.
'போக்குவரத்தின் முக்கியத்துவத்தை
இம்மாநாடு உணர்கிறது.'
உணர்ந்துவிட்டுப் போகட்டும்.

பேச மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு.
ரோவினா பெயரை நான் எடுக்கவும்
சிவப்பு விழவும் சரியாக இருந்தது.
நான்கு மைல் இருட்டில் அவள் நடப்பதை
ஒலிவாங்கி இல்லாமலே சொல்லி முடித்தேன்.
முதல் மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும்.
மூன்றாவதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இதற்கா போனாய் என்பாய்.

மதியம் கடற்சுவர் ஓரம்
காகிதப் பொட்டலத்தில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன்.
பாதியைக் கடற்பறவைகள் தின்றன.
கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.
லோவென்னா, பென்ஸான்ஸ் கிளை, நாட்டின் மறுகோடி.
'எங்கள் ஊரில் ஒன்பதே கால்' என்றாள்.
வேறு விளக்கம் இல்லை. தேவையும் இல்லை.

பிறகு என் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள்.
'ஸ்பானியலா?'
'டெரியர். டக் தெரு, இருபத்தேழு.'
தன் மோதிர விரலை நீட்டினாள்.
பாதி நகம்தான் இருந்தது.
கதவின் தபால் துளைக்குள்
துண்டறிக்கை தள்ளியவர்களுக்கு மட்டுமே தெரிந்த
கையெழுத்து அது.

தெல்மா, நம் கிளையை விரல்விட்டு எண்ணிவிடலாம்.
பதினோரு பேர். அதில் ஓட்வே இறந்து இரண்டு வருடம்,
பெயரை அடிக்க எனக்குத்தான் மனமில்லை.
மழையில் கதவு கதவாய்த் தட்டி,
'எல்லாக் கட்சியும் ஒன்றுதான்' என்று
முகத்துக்கு நேரே சாத்தப்பட்டுத் திரும்பும்போது
இந்த நாட்டிலேயே இதைச் செய்யும் பைத்தியம்
நான் ஒருவன்தான் என்று தோன்றும்.
அது பொய் என்று வீட்டில் உட்கார்ந்து
கண்டுபிடிக்க முடியாது.

மாலையில் கை தூக்கி வாக்கெடுப்பு,
மணியைத் திரும்பச் சேர்க்கும் திருத்தத்துக்கு.
மேடையில் இருந்தவர்கள் கைகளை எண்ணினார்கள்.
நான் விரல்களைப் பார்த்தேன்.
பிளாஸ்திரி, வடு, தையல், கோணிய நகம்.
அரங்கின் கோடிவரை.
தோற்றோம், நாற்பத்தொரு வாக்கில்.

கிளம்பும்போது லோவென்னா
பையிலிருந்து ஒரு தட்டை மரக்கரண்டி எடுத்துத் தந்தாள்.
'தாளை இதில் சுற்றித் தள்ளு,
நாய் கரண்டியைக் கடிக்கட்டும்.'
தலைமையகத்தின் அறுபது பக்கக் கையேட்டில்
இந்த ஒரு வரி இல்லை.

இந்த வருடம் அவளும் நானும்
ஒரே தீர்மானம் எழுதியிருக்கிறோம்,
ஒன்பதே காலும் பத்தரையும்
எவ்வளவு பிசைந்தாலும் கரையாதபடி.
வழிமொழிய ஓர் ஆள் குறைகிறது.
மாடியில் இன்னோர் அறை காலி.
கட்டில் அங்கேயும் குட்டைதான்.
நீயும் குட்டை.

கரண்டியில் இதுவரை ஏழு பல்தடம்.
வந்தால் காட்டுகிறேன்.