மூன்றடித் தொட்டி

மூன்றடி நீளம், ஒன்றேகால் அகலம், ஒன்றரை உயரம்.
அளவுநாடாவைச் சுருட்டிப் பையில் போடுகிறேன்.
கண்ணாடி ஆறு மில்லியாம்.
தேங்காயைத் தட்டுவதுபோல் நகத்தால் தட்டிப் பார்த்தேன்.
ஒன்றும் விளங்கவில்லை.
விளங்கியவன்போல் தலையாட்டினேன்.

"தாங்கியோடை இருபத்திரண்டாயிரம்" என்கிறார் கமிலஸ்.
"தாங்கி வேண்டாமெண்டால் பதினைஞ்சு."
பாலையூற்றில் அவர் விறாந்தை முழுக்கப் பெட்டிகள்.
மன்னாருக்கு மாற்றம்.
லொறி வெள்ளிக்கிழமை.

தாங்கியைத் தடவினேன்.
விரல் கறுப்பாய்த் திரும்பியது.
நேற்று அடித்த பெயின்ற்,
அதற்கடியில் துரு
சொறிபோலப் பொருக்கு விட்டிருக்கிறது.
இந்த ஊரில் இரும்பு வாங்குகிறவன்
காற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறான்.

நான் மின்சார சபையில் மானி வாசிப்பவன்.
நாளுக்கு நூற்றைம்பது படலை, அறுபது நாய்.
கணக்குப் போடாமல் கை சும்மா இராது:
தண்ணீர் மட்டும் நூற்றைம்பது லீற்றர்,
மணலும் கல்லும் சேர இருநூறு கிலோ.
உவர்மலையில் நாங்கள் இருப்பது மேல்மாடி.
நேர்கீழே வீட்டுக்காரம்மாவின் சோபா,
பொலித்தீன் உறை இன்னும் கழற்றாதது.
காற்றுப் பம்பு மாதம் மூன்றரை அலகு.
கரண்ட் நின்றால் மீன் என்ன செய்யும்?
நிறுத்துகிற சபையின் ஆள்
யாரிடம் போய்க் கேட்பது?

காலையில் நிறோஜினி கேட்டாள்:
"முன்னாலை போனால் கடல், பின்னாலை போனால் துறைமுகம்.
இன்னும் தண்ணி காணாதோ உங்களுக்கு?"
சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.
கட்டி முடித்தும் குனிந்தே இருந்தேன்.
கடலுக்கு நான் ஒருநாளும்
சாப்பாடு போட்டதில்லை என்று
இப்போதுதான் தோன்றுகிறது.
பதில் எப்போதும் எனக்குப் பஸ் போனபிறகு.

உட்புறக் கண்ணாடியில் மூன்று வெள்ளைக் கோடுகள்,
பழைய நீர்மட்டங்கள்.
மேலது சரி. கீழது கழுவ இறக்கியது.
"நடுக்கோடு?"
"அது மனிசி ஆஸ்பத்திரியிலை கிடந்த மாதம்.
தண்ணி விட ஆக்களில்லை."
அலகு ஏதுமின்றி வாசித்த
முதல் மானி.

அந்த மனிசியே பிளேன்ரீயோடு வந்தார்.
"வலப்பக்க மூலை ஒருக்காக் கசிஞ்சது. சொன்னவரோ?"
கமிலஸ் கூரையில் எதையோ தேடினார்.
"சிலிக்கன் அடிச்சாச்சு" என்றார் கூரையிடம்.
பிறகு என்னிடம்: "பதினெட்டு."

கிணற்று மோட்டரைப் போட்டுக் குழாயைத் தொட்டிக்குள் விட்டார்.
மூலைக்கு நேரே கீழே பழைய பேப்பர்.
ஒரு மணித்தியாலம் பார்ப்பதென்று முடிவு.

விரல் கழுவக் குளியலறைக்குப் போனேன்.
நீல வாளியின் உட்சுவரில்
சாண் நீளத்தில் ஒரு சக்கர் மீன்,
அரசாங்க முத்திரைபோல ஒட்டிக் கிடந்தது.
"அது விக்கிறதுக்கில்லை" என்றது
எனக்குப் பின்னால் வந்த குரல்.
"மன்னாருக்கு எப்பிடி?"
"மடியிலை வைச்சுக்கொண்டு போவன்."
"அங்கை போய்?"
"ஒரு தொட்டி வாங்கவேணும்."
"அப்ப இதை ஏன்..."
"லொறியிலை இது உடையுமாம். அவர் சொல்லுறார்."
அவரை நான் பார்க்கவில்லை,
அவரும் என்னை.

ஒரு மணித்தியாலம் முடிந்தது.
பேப்பரில், காணி விற்பனை விளம்பரத்தின்மேல்,
இரண்டு ரூபாய்க் குற்றியளவில் ஓர் ஈரம்.
குழாயிலிருந்து தெறித்திருக்கலாம்.
மூலையாகவும் இருக்கலாம்.
மூவரும் குந்தியிருந்து அதை வாசித்தோம்,
மூன்று விதமாக.

புதுத் தாள் விரித்தார் கமிலஸ்.
"பதினாறு" என்றார், யாரும் கேட்காமலே.

மனிசி வாளியைத் தூக்கி வந்து
சக்கரைத் தொட்டிக்குள் சரித்துவிட்டார்.
"சும்மாதான். நீங்கள் யோசிச்சு முடியுமட்டும்."
அது ஒரு சுற்றுப் போனது,
திரும்பி வந்து
நடுக்கோட்டில் வாயை வைத்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஓட்டோக்காரப் பெடியன்:
"அண்ணை, ஏத்த வரவோ, வேண்டாமோ?"

தாளைப் பார்த்தேன்.
இன்னும் காய்ந்துதான் இருக்கிறது.
"பொறு" என்றேன்.
"கயிறு கொண்டு வா. ஆனால் பொறு."