ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

இல்மயோக்கியில் ஒரு பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு.
உள்ளே பச்சைச் செயற்கைப் புல்,
வெளியே மைனஸ் பதினாறு.
நான் வினிகர் வாளிக்காரன்.
நாய்கள் தடை தாண்டி ஓடும்போது
எது எங்கே காலைத் தூக்கினாலும்
துணியோடு ஓடுவது என் பொறுப்பு.

ஹில்க்காவின் நாய் வந்தால் மட்டும்
யாரும் சொல்லாமலே எழுந்து நிற்பேன்.

ருயிஸ் அவன் பெயர். கருகிய ரொட்டி நிறம்.
ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
சுரங்கக் குழாயில் நுழைந்தால்
மறுமுனையில் புகைபோல வெளிவருவான்.
சாய்பலகையின் மஞ்சள் பட்டையில்
தவறாமல் பாதம் வைப்பான்.
ஏழாவது தடைவரை எல்லாம் சரி.
எட்டாவது, நெளிந்து ஓடும் கம்பங்கள்.
முதல் கம்பத்தில் மூக்கு ஒட்டும்.
பிறகு அந்தப் பின்னங்கால்
ரப்பர் முத்திரையை எடுக்கும் தாசில்தார் கைபோல
அவசரமே இல்லாமல் எழும்.
பட்டா பதிவாகிவிடும்.

விசில்.
நான் வாளியோடு உள்ளே,
அவள் வாரோடு வெளியே.
எதிரெதிரே கடக்கும்போது
நாங்கள் பார்த்துக்கொள்வதில்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
காயடித்துவிடு என்றார் தபால்கார யோர்மா.
அடித்து இரண்டு வருடமாயிற்று,
கையெழுத்து மட்டும் மாறவில்லை.
அதட்டு என்றாள் பில்வி.
அதட்டியதில் அவன் கற்றது ஒன்றுதான்:
அவள் கைக்கு எட்டாத கம்பம் எது.
வயிற்றில் பட்டைத் துணி கட்டினாள்.
கட்டிய நாளெல்லாம் உலர்ந்த தரை.
போட்டியில் அவிழ்த்ததும்
பாக்கியை வட்டியோடு கட்டினான்.

டிசம்பரில் ஒரு நள்ளிரவு
ஹில்க்காவிடமிருந்து செய்தி:
"வீடியோவில் நாயைப் பார்க்காதே.
என் காலைப் பார்."

பார்த்தேன்.
ஏழு முடிந்ததும் அவள் கால் ஒரு கணம் தயங்குகிறது.
அடுத்து எங்கே என்று தேடுகிறாள்.
கை பாதியில் தொங்குகிறது.
அந்த அரை நொடியில் அவன்
நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறான்.
அங்கே எதுவும் எழுதியில்லை.
எழுதியிருக்கும் இடத்துக்குப் போகிறான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
நாயைவிட அவளுக்குத்தான் பயிற்சி.
சமையலறையில் பால் டப்பாக்களை நட்டு
கண்ணை மூடிக்கொண்டு வழி நடந்தாள்.
தெருவின் விளக்குக் கம்பங்கள் அவனுக்கு இனிப் புறம்போக்கு அல்ல;
வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால்
ஒரே ஒரு பூர்ச்ச மரம் அவனுக்கு.
"இங்கே" என்பாள். கணக்கெல்லாம் அங்கேயே தீரும்.
அங்கிருந்து கிடங்கு வாசல்வரை
அவன் கண் அவள் மேல், அவள் கை ஈரல் துண்டுகள் மேல்.
உள்ளே மூன்றே தடை. வெளியே.
மறுவாரம் ஐந்து.
மூக்கு தாழ்ந்தால் திட்டு கிடையாது,
"சரி, முடிந்தது" என்று வாரை மாட்டுவாள்.
ஆட்டம் போய்விட்டதே என்று
அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவான்.

மார்ச்சில் போட்டி.
ஏழு.
வாளியின் பிடி என் உள்ளங்கையில் வழுக்கியது.
மூக்கு இரண்டு விரற்கடை இறங்கியது.
அவள் திரும்பவில்லை, நிற்கவில்லை,
"ஹெப்" என்ற ஒற்றைச் சொல் அவளுக்கு முன்னே ஓடியது.
மூக்கு எழுந்தது.
பன்னிரண்டு கம்பங்களையும்
தையல் ஊசிபோல் கோத்துக்கொண்டு போனான்.

பதினான்காவதில் அவளே
தவறான குழாய்க்குள் அவனை அனுப்பினாள்.
விசில்.
இந்த முறை நான் உள்ளே போகவில்லை.
சிரித்துக்கொண்டே வந்தவள்
வாளியை எட்டிப் பார்த்தாள்.
நிறைந்திருந்தது.

மாலையில் அதைக் கொட்ட வெளியே போனேன்.
பூர்ச்ச மரத்தடியில் பனி முழுக்க
மஞ்சள் மஞ்சளாக வரிகள்,
ஒன்றின்மேல் ஒன்றாக,
வட்டாரத்து ஆண் நாய்கள் அத்தனை பேரின் பதிவேடு.
சாய்த்த வாளியை நிமிர்த்தி
இன்னும் இருபதடி தள்ளிப் போய்க் கொட்டினேன்.